மறுவீடு எந்த வாசலுக்கு?

குவாங்ஷூ பேரரசர் ஆட்சியின் 32ஆம் ஆண்டு, இரண்டாம் மாதம் 7

மழை. நான் எழுந்தபோது உச்சி தாண்டிவிட்டது. கீழே பெய்யூ ரிக்ஷாக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். புதுப் பட்டுச் செருப்போடு அவளைச் சேற்றில் இறக்கிவிட்டானாம். நேற்று மட்டும் மூன்று உணவகங்களிலிருந்து அவளுக்கு அழைப்புச் சீட்டு. மூன்றுக்கும் போனாள், மூன்றிலும் ஒரே பாட்டைப் பாடிவிட்டு வந்தாள். கேட்டால், "கேக்கறவங்க வேற வேற ஆளுதானேம்மா" என்கிறாள். திட்ட வாயெடுத்தவள் சிரித்துவிட்டேன்.

என்னை அம்மா என்று கூப்பிடுகிறவள் இவள் ஒருத்திதான். நான் பெறவில்லை, எடுத்து வளர்த்தேன். எங்கள் தொழிலில் வீட்டை நடத்துகிறவள்தான் அம்மா. நான் பெற்றவள் ருய்லின். அவள் என்னை அத்தை என்பாள். அப்படி ஏற்பாடு செய்ததே நான்தான். ஊருக்குத் தெரிந்தவரை ருய்லின் சூச்சௌ ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள். தாயும் தகப்பனும் காய்ச்சலில் போய்விட்டார்கள். விதவை அத்தை வளர்த்தாள். நானே கட்டிய குடும்பம் அது, ஒரு விரிசல் கிடையாது. உண்மையான தகப்பனும் காய்ச்சலில்தான் போனார், தெற்கே எங்கோ ஒரு சின்ன உத்தியோகத்தில். தனக்கு ஒரு மகள் இருப்பது அவருக்குத் தெரியாது.

எனக்கு வயது முப்பத்தெட்டு. ஷாங்காயின் நான்காம் சாலையில் கணிகை வீடுகளுக்குக் குறைவில்லை, ஆனால் ஜின்ஷியா என்ற பெயர் எழுதிய கண்ணாடி விளக்கு இன்னும் எரிகிறது. என்னோடு ஆரம்பித்தவர்களில் பாதிப் பேர் யாருக்கோ மூன்றாம் தாரம் நான்காம் தாரமாகப் போய், மூத்த தாரத்துக்கு முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் போகவில்லை. கேட்டவர்கள் இல்லாமல் இல்லை.

இரண்டாம் மாதம் 10

ருய்லின் வந்தாள். பள்ளிக்கூடத்துக் கறுப்புப் பாவாடை, விரலெல்லாம் சுண்ணாம்புத் தூள். சிறுமிகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு இதைவிட அழகாக வேறென்ன வேண்டும்? வேலைக்காரி ஆபாவ் கொண்டுவந்த சூப்பை நின்றபடியே குடித்துவிட்டு, "அத்தை, எனக்குக் கல்யாணம் பேசறாங்க" என்றாள்.

"யாரு?"

"கூ வீட்டுல. தேயிலை வியாபாரம். பழைய ஊர்ல, கோட்டை மதிலுக்குள்ள இருக்காங்க. பையன் பேரு ஜிவென். ஆண்கள் பள்ளியில பூகோளம் எடுக்கறாரு. அவரோட தங்கச்சி எங்க பள்ளியில எனக்குப் பக்கத்து அறை."

"எத்தனாவது?"

அவளுக்குப் புரியவில்லை. எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் முதலில் கேட்கிற கேள்வி அது. இரண்டாவதா, மூன்றாவதா, ஐந்தாவதா?

"ஒண்ணாவது, அத்தை. அவருக்கு வேற யாருமில்ல" என்று சிரித்தாள். "வேற யாரும் வரவும் மாட்டாங்க. அதை எழுதியே வாங்கிட்டேன்."

மூத்த தாரம்! சிவப்புப் பாவாடை கட்டும் உரிமையோடு! இந்தத் தெருவில் பிறந்த ஒருத்திக்கு!

இரண்டாம் மாதம் 11

மூத்த தாரம். எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

இரண்டாம் மாதம் 24

மூன்றாம் மாதம் மூன்றாம் தேதி அத்தையைப் பார்க்க வேண்டும் என்று கூ வீட்டம்மாள் சொல்லியனுப்பியிருக்கிறாள். நான் போய் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். ருய்லினுக்குத்தான் முகமே சரியில்லை.

"உண்மையச் சொல்லிடலாமே அத்தை."

"எந்த உண்மைய?"

"நீங்க யாருங்கறத."

"நான் உன் அத்தை. விதவை. வாயில்லாப் பூச்சி. இருபது வருஷமா எவன் எப்படிக் கேட்டானோ அப்படியெல்லாம் இருந்து காட்டியிருக்கேன். ஒரு மத்தியானம் அத்தையா இருக்கத் தெரியாதா எனக்கு?"

அவள் போனபிறகு ஒத்திகை ஆரம்பித்தோம். ஆபாவ் சலவைக்காரியிடமிருந்து ஒரு சாம்பல் நிற மேலங்கியை வாங்கிவந்தாள். மாட்டிக்கொண்டு நடந்தேன். பெய்யூ விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, இடுப்பு! இடுப்ப வீட்டுலயே வெச்சுட்டுப் போங்க."

"பேசவும் கூடாதுக்கா" என்றாள் ஆபாவ். என்னோடு இருபது வருடமாக இருப்பவள், மரியாதை தேய்ந்துபோய்விட்டது. "குடும்பத்துப் பொம்பளைங்க பேசினா கேக்கறவனுக்குத் தூக்கம் வரணும். நீ பேசினா எவனுக்குத் தூக்கம் வருது?"

ஆகவே தூக்கம் வரும்படி பேசப் பழகுகிறேன். அரிசி விலை. மூட்டு வலி. ஊறுகாய்க்கு உப்பு எத்தனை பிடி. கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்றைக்கு மூட்டு வலியைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பெய்யூ கொட்டாவி விட்டாள். கலை கைவந்துவிட்டது.

மூன்றாம் மாதம் 3

எழுதத்தான் வேண்டும்.

ருய்லினோடு போனேன். எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. கூ அம்மாள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள், கல்லில் செதுக்கிய முகம், ஹுய்ச்சௌ மலைப்பக்கத்துப் பேச்சு. அந்த ஊர் வழக்கப்படி கணவர் ஷாங்காயில் வியாபாரம் பார்க்க, இவள் ஊரில் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். இருபது வருடம். மாமியார் கண்ணை மூடியபிறகுதான் இங்கே வந்திருக்கிறாள். நான் குனிந்த தலை நிமிராமல் அரிசி விலை சொன்னேன். மூட்டு வலி சொன்னேன். ருய்லின் தாயின் நல்ல குணங்களைச் சொன்னபோது எனக்கே கண்ணீர் வந்தது. இறந்துபோன அந்த ஆசிரியர் மனைவி அவ்வளவு நல்லவள். கூ அம்மாளின் முகம் கொஞ்சம் இளகியது. "பொண்ண நல்லா வளத்திருக்கீங்க" என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது கூ உள்ளே வந்தார். பையனின் தகப்பன். வெள்ளை மீசை, நல்ல வயிறு. முன்பின் பார்த்த ஆள் இல்லை, அந்த மட்டும் நிம்மதி. அத்தைக்கு வணக்கம் சொல்லிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். வேலைக்காரி புதுத் தேநீரும் ஒரு தட்டில் வறுத்த தர்பூசணி விதையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

முதல்முறையாக வீட்டுக்குள் வரும் ஆணுக்குத் தர்பூசணி விதைத் தட்டை எங்கள் கையால் நீட்டுவோம். நீ இனி இந்த வீட்டு விருந்தாளி என்று அதற்கு அர்த்தம். எங்கள் தெருவைத் தவிர வேறெங்கும் எந்தப் பெண்ணும் அப்படிச் செய்ய மாட்டாள். எத்தனை ஆயிரம் முறை நீட்டியிருப்பேன்? யோசித்தா செய்கிறோம் அதை?

நான் எழுந்திருந்தேன். தட்டு என் கையில் இருந்தது. இடது கையால் மேலங்கியின் வலது கைப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, லேசாகச் சாய்ந்து, அவர் முன்னால் நின்றேன். இடுப்பு, அந்தப் பாழாய்ப்போன இடுப்பு, தானாக ஒடிந்து நின்றது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, எங்கே இருக்கிறேன் என்று. அப்படியே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது.

ஆனால் அதோடு போகவில்லை. கூ பேச்சுவாக்கில் நாலு விதையை எடுத்தார். அவர் இன்னொரு கை மேலங்கிக்குள் போனது. ஒரு வெள்ளி நாணயத்தை எடுத்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், தட்டில் போட்டார். எங்கள் வீடுகளில் விதை எடுத்தவர்கள் போடுவார்களே, அதே போல. சிந்தாமல் சிதறாமல், பழகிய கை.

அந்தச் சத்தம்! மேசையில் இருந்த பூனைகூடத் திரும்பிப் பார்த்தது.

அவர் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. ருய்லின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. கூ அம்மாள் நாணயத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் அவரைப் பார்த்தாள்.

"தேத்தண்ணி ஆறிப்போச்சு. வேற கொண்டா" என்று வேலைக்காரியிடம் சொன்னாள்.

வாசல்வரை வந்து வழியனுப்பினாள், அதுவும் முறைப்படி.

மூன்றாம் மாதம் 4

நான் என்ன செய்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் 9

கூ வீட்டிலிருந்து தகவல் இல்லை. பெய்யூ என்னைத் தேற்றுவதாக நினைத்து, "கூ ஐயா சொன்னா அவரும் மாட்டுவாரேம்மா! உங்களைக் காட்டிக் கொடுக்கணும்னா, இதெல்லாம் தனக்கு எப்படித் தெரியும்னு முதல்ல பொண்டாட்டிக்குச் சொல்லணும்!" என்றாள். உண்மைதான். இந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த அம்மாளுக்கு யார் சொல்ல வேண்டும்? கண் இருக்கிறதே.

மாலை ருய்லின் வந்தாள். நான் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். வீட்டைப் பெய்யூவிடம் விட்டுவிட்டு ஹான்கௌவுக்குப் போய்விடுகிறேன், அத்தை ஊரைவிட்டே போய்விட்டாள் என்று சொல்லிவிடு, ஓர் ஆண்டு போனால் மறந்துவிடுவார்கள் —

"ஜிவெனுக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாம். போன வருஷமே சொல்லிட்டேன். நீங்க யாரு, இந்த வீடு, என் அப்பா எல்லாம். அவரு ஒரு நாள் யோசிச்சாரு. மறுநாள் வந்து, உங்கம்மா நல்லா சமைப்பாங்களான்னு கேட்டாரு."

நான் எதற்காக மூட்டு வலி பழகினேன்?

"அப்போ ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"சொல்ல விட்டீங்களா?"

மூன்றாம் மாதம் 16

ஆபாவ் மேலே ஓடிவந்து என்னை உலுக்கி எழுப்பினாள். "அக்கா, எந்திரி. அந்தக் கல்லு முகத்துக்காரி வந்திருக்கா."

"யாரு?"

"சம்பந்தி!"

காலை வேளை, தெருவே தூங்கும் நேரம். கூ அம்மாள் என் கூடத்தில் நின்றிருந்தாள். மகனைக் கேட்டு வழி தெரிந்துகொண்டு, தனியாக, மூடிய பல்லக்கில் வந்திருக்கிறாள். முகத்தில் மாவு இல்லாமல், அவிழ்ந்த தலையோடு நான் இறங்கிப் போனேன். நடிக்க நேரமில்லை, நடித்தும் பயனில்லை.

அவள் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கடிகாரம், நிலைக்கண்ணாடி, பாட்டு வாத்தியங்கள், சாய்வுப் படுக்கை எதையும் விடவில்லை. விரலால் படுக்கை விரிப்பைத் தொட்டுப்பார்த்தாள்.

"இருபது வருஷம் எனக்குக் கடுதாசி எழுதினாரு. ராத்திரியெல்லாம் தேயிலைக் கணக்குப் பாக்கறேன், கண்ணு எரியுதுன்னு. இங்கதான் பாத்தாரா?"

"இங்க இல்லம்மா. என் வீட்டுக்கு அவரு வந்ததே இல்ல. வந்திருந்தா எனக்கு ஞாபகம் இருக்கும்."

"அப்போ வேற வீடு."

"இந்தத் தெருவுல வீட்டுக்கா பஞ்சம்?"

அவள் சிரித்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. உட்கார்ந்தாள். ஆபாவ் தேநீர் கொண்டுவந்தாள், விதைத் தட்டையும் கொண்டுவந்துவிட்டாள், மூளையே கிடையாது. கூ அம்மாள் அதைப் பார்த்து, "அத எனக்கும் நீட்டுங்களேன், எப்படின்னு பாக்கறேன்" என்றாள். நீட்டினேன். வாங்கி ஒவ்வொன்றாகக் கடித்து உடைத்தாள். நல்ல பல்.

"வர்ற பண்டிகைக்கு அப்புறம் பத்தொம்பது வயசுல ஒருத்திய இளையாளாக் கொண்டாரப் போறேன்னு சொல்லிட்டிருந்தாரு. தரகன்கிட்டகூடப் பேசி முடிச்சாச்சு. அந்தக் காசப் போட்டாரு பாருங்க, அன்னைலேர்ந்து வாயத் திறக்கறதில்ல. நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டறாரு. கொண்டார இருந்தவளுக்கு வேற எடம் பாத்துக்கச் சொல்லியாச்சு. முப்பது வருஷத்துல இப்பத்தான் எனக்குக் கல்யாணமான மாதிரி இருக்கு. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும்ல?"

"சொல்லத்தான் வந்தீங்களா?"

"இல்ல." விதைத் தோலைத் துடைத்துத் தட்டில் போட்டாள். "பொண்ணு எனக்குப் புடிச்சிருக்கு. விடமாட்டேன். மூத்த மருமக, சிவப்புப் பாவாடை, சிவப்புப் பல்லக்கு, ஒரு குறையும் இருக்காது. ஆனா நீங்க வேண்டாம். பொண்ண அனுப்பி வைக்கவும் வேண்டாம், அப்புறம் பாக்கவும் வேண்டாம். அத்தைன்னு சொன்னீங்க. அவ மூக்கையும் உங்க மூக்கையும் பாத்தா எனக்குக் கண்ணில்லையா? பெத்தவகிட்டச் சொல்றது கஷ்டந்தான். அதான் ஆள் விடாம நானே வந்தேன்."

"சரி" என்றேன்.

அவள் ஒரு கணம் தடுமாறினாள். சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள் போல.

மூன்றாம் மாதம் 17

நல்ல பேரம். பத்தொன்பது வருடமாக நான் வேண்டிக்கொண்டது எதுவோ அது முழுசாகக் கிடைத்திருக்கிறது. பதிலுக்குக் கொடுத்தது என்ன? ஏற்கெனவே செத்துப்போன ஒரு தாய். அவளை இன்னொரு முறை புதைத்தால் என்ன குறைந்துவிடும்?

பெய்யூ இரவு வேலைக்குக் கிளம்பும்போது, "அம்மா, போயிட்டு வரேன்" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. திரும்பி வந்து, "அம்மா?" என்றாள். போ என்று கத்திவிட்டேன். பாவம், அவள் என்ன செய்தாள்?

நல்ல பேரம்தான்.

ஐயோ, நான் அவளைப் பார்க்காமல் எப்படி இருப்பேன்.

மூன்றாம் மாதம் 21

ருய்லினிடம் சொன்னேன். நல்ல செய்தி சொல்வதைப் போலத்தான் சொன்னேன். அவள் பையைக் கீழே போட்டாள்.

"நீங்க சரின்னுட்டீங்களா?"

"பின்னே? மூத்த தாரம்டி. இந்தத் தெருவுல எவளுக்குக் கிடைச்சிருக்கு?"

"நான் கேட்டேனா?"

"உனக்காகத்தான் —"

"எனக்காகவா! நான் ஒம்பது வயசுல உன் மடியில உக்காந்து அத்தைன்னு சொல்லிப் பழகினேன். தப்பாச் சொன்னா மிட்டாய் கிடையாது. ஞாபகமிருக்கா? உன்னைப் பத்தி எனக்கு ஒரு நாளும் வெக்கமா இருந்ததில்ல. உனக்குத்தான் உன்னைப் பத்தி வெக்கம். தெருவுல அவ்வளவு பெரிய விளக்குப் போட்டுட்டு, என்னைப் பாத்தா மட்டும் அணைச்சுடற!"

முதல்முறையாக என்னை நீ என்றாள். அத்தையை யாராவது நீ என்பார்களா?

என் வாய் சும்மா இருந்ததா? இருக்கவில்லை. நன்றி கெட்டவள் என்றேன். உன் படிப்பு எந்தப் பாட்டில் வந்தது தெரியுமா என்றேன். இன்னும் என்னென்னவோ. அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆபாவ் சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றாள்.

எனக்கு வெட்கமா? யாரைக் கேட்டாலும் சொல்வார்களே, ஜின்ஷியாவைவிடத் தலைநிமிர்ந்து நடப்பவள் நான்காம் சாலையில் இல்லை என்று. என்ன பேசுகிறாள் அவள். கணக்கு வாத்தியாருக்கு எல்லாம் தெரிந்துவிட்டதோ?

தெரிந்துதான் விட்டது.

நான்காம் மாதம் 2

ருய்லின் கூ வீட்டுக்குத் தனியாகப் போய்விட்டு நேராக இங்கே வந்தாள். சமாதானம் எல்லாம் ஒன்றுமில்லை. வந்தாள், உட்கார்ந்தாள், பசிக்கிறது என்றாள். மூன்று கிண்ணம் சாப்பிட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

கூ அம்மாளிடம் அவள் கேட்டிருக்கிறாள்: "நான் உங்க மூத்த மருமகதானே?"

"ஆமா."

"மூணாவது நாள் மறுவீடு உண்டுல்ல?"

"உண்டு. முறைன்னு இருக்கே."

"எந்த வீட்டுக்கு?"

மூன்றாம் நாள் மாப்பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டு வருகிறவள்தான் மனைவி. விலைக்கு வாங்கிவந்த இளைய தாரங்களுக்குத்தான் மறுவீடு கிடையாது, போக வாசல் இல்லாததால். கூ அம்மாள் இருபது வருடம் கணவன் இல்லாத வீட்டில் முறை தப்பாமல் மாமியாருக்குப் பணிவிடை செய்தவள். முறைதான் அவளுடைய ஒரே சொத்து.

"நான் சொன்னேன், மறுவீடு இல்லாம என்னைக் கூட்டிட்டு வந்தா நீங்க கூட்டிட்டு வர்றது மூத்த மருமக இல்ல, இளையா. சிவப்புப் பாவாடைய நீங்களே வெச்சுக்குங்க, நான் கறுப்புப் பாவாடையோட கணக்குச் சொல்லிக்குடுக்கப் போறேன்னு" என்றாள் ருய்லின்.

"அடிப்பாவி! அவங்க என்ன சொன்னாங்க?"

"யோசிக்கணும்னாங்க."

நான் உடனே ஒரு வழி சொன்னேன். கோட்டைக்குள் ஒரு நல்ல வீட்டை வாடகைக்குப் பிடித்து, பழைய மேசை நாற்காலி போட்டு, முன்னோர் படம் ஒன்று வாங்கி மாட்டி —

"யாரோட முன்னோரு?" என்றாள் ருய்லின்.

"கடையில நல்லதாக் கிடைக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். ஆனால் சிரித்து முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்மா" என்றாள். இதை எழுதும்போதும் அந்த அம்மா என்ற ஒரு வார்த்தை காதில் இருக்கிறது. நான் அழுதேன். நன்றாக, சத்தம் போட்டு, மூக்கு வடிய. எந்த ஆணும் இருபது வருடத்தில் என்னை அப்படி அழ வைத்ததில்லை.

நான்காம் மாதம் 23

தகவல் இல்லை.

இரண்டாவது நான்காம் மாதம் 6

வயிற்றெரிச்சல் போதாதென்று இந்த ஆண்டு நான்காம் மாதம் இரண்டு தடவை வருகிறது. நல்ல நாள் பார்ப்பவர்களுக்கெல்லாம் கொண்டாட்டம். எனக்குத்தான் ஒவ்வொரு நாளும் இரண்டு நாள்.

ஜிவென் வந்திருந்தான், முதல்முறையாக. தடித்த கண்ணாடி, வெட்கத்தில் குனிந்த கழுத்து. பெய்யூ பாடவா என்று கேட்டாள். வேண்டாம், உலகப் படத்தில் ஷாங்காய் எங்கே இருக்கிறது காட்டுகிறேன் என்றான். அவளும் பார்த்தாள். இவ்வளவு சின்னதா என்று கோபித்துக்கொண்டாள். ஆபாவின் பன்றி இறைச்சியை இரண்டு தட்டு சாப்பிட்டான். எனக்குப் பிடித்துவிட்டது.

போகும்போது, "அம்மா இன்னும் யோசிக்கறாங்க. எங்கம்மா யோசிச்சா மலை கரையும், ஆனா மெதுவாத்தான் கரையும்" என்றான்.

இரண்டாவது நான்காம் மாதம் 15

பிற்பகல். நான் பெய்யூவுக்குப் புதுப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், அவள் வழக்கம்போல் பழையதையே பாடிக்கொண்டிருந்தாள். கூ வீட்டு வேலைக்காரி கூடையோடு வந்தாள். உள்ளே புதுத் தேயிலை, மழைக்கு முன் பறித்தது, சிவப்புத் தாளில் கட்டி. கூடவே உப்புக் கண்டம்.

"எங்கம்மா குடுத்துவிட்டாங்க."

"யாருக்கு?"

"சம்பந்தியம்மாவுக்கு" என்றாள், சாதாரணமாக, யாரைக் கேட்கிறாய் என்பது போல. "எட்டாம் மாசம் நாள் பாத்திருக்காம். பொண்ணு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை வீட்டுலேர்ந்து பல்லக்கேறட்டும், மேளதாளத்தோட இந்தத் தெருவுல வரதுக்கு எங்க சொந்தக்காரங்களுக்கு நெஞ்சு தாங்காதுன்னாங்க. சம்பந்தியம்மா அங்க வந்து அனுப்பி வைக்கணுமாம். மறுவீடு மட்டும் தாய்வீட்டுக்குத்தான். பொய் வீட்டுக்கு மருமகள அனுப்பினா செத்துப்போன மாமியாருக்கு யாரு பதில் சொல்றதுன்னும் சொல்லச் சொன்னாங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். பெய்யூதான் அவளுக்குத் தேநீர் கொடுத்தாள், நடந்தது என்ன என்று ஆபாவுக்கு நடித்தும் காட்டினாள்.

எட்டாம் மாதம் 18

காலை ருய்லினுக்குச் சிவப்புப் பாவாடையை என் கையால் கட்டிவிட்டேன். முடிச்சு மூன்று தடவை அவிழ்ந்தது. "கைய ஆட்டாதம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான் சாம்பல் நிறம் கட்டவில்லை. என்னுடைய ஊதாப் பட்டு, என்னுடைய முத்து, என்னுடைய இடுப்பு. எனக்கென்ன வெட்கம்?

பெண்ணை அழைக்கப் பல்லக்கோடு வந்த மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் தலைமை ஆசிரியை வீட்டுக் கூடத்தில் நிறைந்துவிட்டார்கள், எல்லோரும் தேயிலைக்காரர்கள். பெண்ணின் தாய் என்று என்னைக் காட்டியபோது, அவர்களில் நாலு பேருக்குத் திடீரென்று கூரை மரத்தின் மேல் அக்கறை வந்துவிட்டது. ஒருவர் அது தேக்கா தேவதாருவா என்று பக்கத்தில் கேட்டார். எனக்கு அந்த நாலு பேரையும் தெரியும், ஒருவர் மட்டும் கஞ்சன். யாருக்கும் என்னைத் தெரியவில்லை. நானும் மரியாதையாகத் தெரியாமல் இருந்தேன்.

கூ மட்டும் நேராக வந்து குனிந்து வணங்கினார். கைகளை மட்டும் மேலங்கிப் பக்கமே கொண்டுபோகவில்லை.

பல்லக்குத் திரை மூடியபிறகு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

எட்டாம் மாதம் 20

விடியற்காலையிலேயே எழுந்துவிட்டேன்; இந்தத் தெருவில் அப்படி எழுந்தவள் யாரும் இல்லை. ஆபாவ் அதற்கும் முன்னால் எழுந்து மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெய்யூ தூக்கக் கலக்கத்தோடு வாசலைக் கூட்டினாள், வாழ்நாளில் முதல் தடவை.

பத்து மணிக்குப் பல்லக்கு வந்தது. மாப்பிள்ளை முன்னால் நடந்து வந்தான், கையில் பலகாரப் பெட்டி, முகமெல்லாம் வியர்வை. அவள் இறங்கினாள். கூடத்தில் இருவரும் முழங்காலிட்டுத் தேநீர் கொடுத்தார்கள். குடித்தேன். என்ன ஆசி சொன்னேன் என்று நினைவில்லை, ஆபாவைக் கேட்டால் நான் ஒன்றும் சொல்லவில்லை, கிண்ணத்தையும் திருப்பிக் கொடுக்கவில்லை என்கிறாள். இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.

பிறகு ருய்லின் தன் அறைக்குப் போகிறவள் போல மாடிக்குப் போய் என் படுக்கையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். "மாமியார் வீட்டுல சாயவே முடியலம்மா, அஞ்சு நிமிஷம்" என்றாள். மாப்பிள்ளை கீழே பெய்யூவுக்கு இங்கிலாந்து எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தான்.

சத்தம் கேட்டு எதிர் மாடி ஜன்னல் திறந்தது. எதிர் வீட்டை நடத்தும் யூசௌ, தலைமுடி கூடு மாதிரி கலைந்து, ஒரு கண்ணை மட்டும் திறந்து, "விடியறதுக்குள்ள என்ன கூத்து ஜின்ஷியா? எந்தப் பெரிய விருந்தாளி?" என்று கத்தினாள். அவளுக்குப் பக்கத்து ஜன்னலும், அதற்குப் பக்கத்து ஜன்னலும் திறந்தன.

நான் வெளியே தலையை நீட்டிச் சத்தமாகவே சொன்னேன்: "விருந்தாளி இல்லடி. என் மகள். மாப்பிள்ளையோட மறுவீடு வந்திருக்கா."